பதினைந்து அடி

அந்தக் காலத்து விதி அப்படி:
அணியில் யார் அடி வாங்கினாலும்
கோட்டில் போய் நின்று எறிய
ஒரே ஒருவன்.
எங்கள் கல்லூரிக்கு லெய்சர் புடோவ்ஸ்கி.

நான் கணக்கெழுதியவன்.
பெஞ்சின் ஓரம், மடியில் நோட்டு,
காதிடுக்கில் பென்சில்.
மூன்று பருவம் வியர்க்காமல் விளையாடியவன்.

ஹாலினன் விலாவில் முழங்கை வாங்குவான்,
லெய்சர் எறிவான்.
ஷ்ரைபரை வலையோடு சேர்த்து நசுக்குவார்கள்,
லெய்சர் எறிவான்.
அவன் மூக்கிலேயே குத்து விழுந்தாலும்
புறங்கையால் துடைத்துக்கொண்டு
அவன்தான் எறிய வேண்டும்.

காலை அகட்டி, முழங்கால்களுக்கு நடுவே பந்தை இறக்கி
இரு கையாலும் மேலே விடுவான்;
மாடிப்படியில் நிற்பவரிடம்
நிறைந்த சூப்புச் சட்டியைச்
சிந்தாமல் நீட்டுவதுபோல.
தோல் பந்தின் நாடா முடிச்சு
எப்போதும் கூரையைப் பார்த்தபடி போகும்.

ராணுவக் கொட்டடியில் ஆட்டம் என்றால்
களத்தைச் சுற்றி இரும்பு வலை.
கூண்டு என்போம்.
உள்ளே ஏறியதுமே
யாரோ நம்மை விசாரிப்பதுபோலத்தான் இருக்கும்.
வெள்ளி இரவுகளில் அவன் டிராம் ஏறமாட்டான்,
நான்கு மைல் பனியில் நடந்து வருவான்.
ஓய்வுநாளில் பந்தைத் தூக்கலாமா என்று கேட்டேன்.
"வேலி அடைத்த இடத்துக்குள் சுமக்கலாம்,
எங்கள் சட்டம் இடம் கொடுக்கிறது."
வலைக்கு வெளியே ஊளையிட்ட முகங்களை
ஒரு கணம் பார்த்தான்.
"வேலியை அவர்களே அடைத்துவிட்டார்கள், பார்."
சிரித்தானா, இன்றுவரை தெரியாது.

வலைக் கண்ணியில் தொப்பி ஊசியை விட்டு
சீமாட்டிகள் அவன் முதுகில் குத்துவார்கள்.
அதற்கு ஃபவுல் கிடையாது.
நோட்டில் கட்டமும் கிடையாது.

'தந்திரம் அந்த இனத்தின் கூடப்பிறந்தது'
என்று எழுதியது உள்ளூர்ப் பத்திரிகை.
விடியுமுன், விளக்கேற்றாத ஜிம்மில்
அவன் நூறு முறை எறிவதை
வாசலில் நின்று எண்ணியிருக்கிறேன்.
இருட்டில் பந்து விழுந்ததா என்று
சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அவன் அம்மா ஒரே ஒருமுறை வந்தாள்.
தள்ளுவண்டியில் வெள்ளரி ஊறுகாய் விற்பவள்,
சால்வையெல்லாம் வினிகர் வாசம்.
அன்று பதினேழு எறிந்து பதினாறு.
ஆட்டம் முடிந்து அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள்.
அவன் எனக்குப் பெயர்த்துச் சொன்னான்:
"அடியில்லாத கூடையில் இத்தனை போட்டாயே,
வீட்டுக்கு என்னடா மிஞ்சும்?"

மூன்றாம் பருவம் முடிந்து
அடுத்த கேப்டனுக்கு வாக்கெடுப்பு.
கோச்சின் தொப்பிக்குள் ஒன்பது சீட்டு.
எண்ணியவன் நான்.
லெய்சருக்கு ஐந்து.

கோச் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.
"மறுபடி எண்ணு."
குரல் உயரவில்லை.
ஐந்து.
"மறுபடி."
ஹீட்டர் குழாய் டக் டக்கென்றது.
யாருடைய காலுறையிலிருந்தோ சொட்டிக்கொண்டிருந்தது.
மூன்றாம் முறை
நான் நான்கு என்று படித்தேன்.

லெய்சர் எழுந்து ஹாலினனுக்குக் கை கொடுத்தான்.
பிறகு பூட்ஸ் கயிற்றை வெகுநேரம் கட்டினான்.
ஆண்டு மலரில் அவன் பெயரை
'லூ பட்' என்று அச்சடித்திருந்தார்கள்.
இடம் போதவில்லையாம்.
எனக்குக் கிடைத்த பிரதியில்
அவன் படத்தின் பாதி மடிப்பில் போய்விட்டது.

அப்புறம் பதினேழு வருடம்.
சமையலறைக்கு லினோலியம் போட
என் மனைவி கடைக்குச் சொல்லி அனுப்பினாள்.
வந்தவன் தொப்பியைக் கழற்றினான், வழுக்கை.
பெயரை நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.
அளவு நாடா பையிலேயே இருந்தது.
சுவரில் குதிகாலை ஒட்டி வைத்து
எதிர்ச்சுவர் வரை நடந்தான்.
"பதினைந்து அடி" என்றான்.
திரும்பிப் போய் மறுபடி நடந்தான்.
"ஒரு தடவை போதாதா?" என்றாள் மனைவி,
உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே.
"சில வீட்டில் போதாதுங்க."
மறுபடியும் நடந்தான்.

மூன்று முறையும்
பதினைந்துதான் வந்தது.